ஐந்து துளை, முப்பது கம்பி: கானாடுகாத்தான் கொட்டகைச் சக்கரம் எந்தக் காருடையது?

2024 ஜனவரி 6, காலை. கானாடுகாத்தான் வாசகரின் கேள்வி

எங்கள் ஐயா வீட்டின் பின்கட்டுக் கார் கொட்டகையைப் பங்காளிகள் எல்லோரும் கூடிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தோம். கார் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. சுவரோரமாக ஒரு கம்பிச் சக்கரம் மட்டும் சாய்ந்து நின்றது. டயர் இல்லை, முழுக்கத் துரு ஏறியிருக்கிறது. நடுவில் ஒரு பெரிய துளையும் அதைச் சுற்றி ஐந்து சிறிய துளைகளும் உள்ளன. விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளந்தால் இருபதரை அங்குலம் வருகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்கும் ஒருவர் இதை ரோல்ஸ் ராய்ஸ் சக்கரம் என்று உறுதியாகச் சொல்கிறார். எங்கள் ஊர் மெக்கானிக்கோ இது ஜீப் சக்கரம் என்கிறார். அண்ணன், இது எந்தக் காருக்குப் பொருந்தும்? சுத்தம் செய்து வெள்ளி வண்ணம் அடித்து வைக்கலாமா?

ஜனவரி 6, இரவு

தம்பி, வண்ணம் அடிக்க வேண்டாம். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் இப்போதைக்கு அந்தச் சக்கரத்தின் பக்கமே போகக் கூடாது. துருவுக்கு அடியில் பழைய வண்ணம் இருக்கலாம், தட்டிய எழுத்து இருக்கலாம், பின்பக்கத்தில் பிரேக் டிரம் அழுந்திய வட்டத் தடம் இருக்கலாம். இவற்றைத் தேய்த்து எடுத்துவிட்டால், அந்தச் சக்கரம் தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய பாதிச் செய்தி போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள், அது போதும்.

ரோல்ஸ் ராய்ஸ் என்பதை ஏற்க இயலாது. 1920களிலும் 1930களிலும் வந்த அந்தக் கார்களின் கம்பிச் சக்கரங்களில் ஐந்து நட்டுத் துளைகள் கிடையா. அச்சின் முனையில் உள்ள, பல் வெட்டிய குடத்தின்மேல் சக்கரத்தைச் செருகி, நடுவில் ஒரே பெரிய நட்டால் இறுக்கும் முறை அது. துளை போட்ட சக்கரம் என்றாலே அந்தக் குடும்பம் விலகிவிடுகிறது.

விளிம்பளவு இருபதரை என்பதால் 21 அங்குலச் சக்கரமாக இருக்கலாம். அப்படியானால் 1928, 1929ஆம் ஆண்டுகளின் ஃபோர்டு மாடல் ஏ என்பது என் முதல் ஊகம்.

ஜனவரி 7, விடியற்காலை

நேற்றிரவு எழுதியதில் ஒரு பெரும் பிழை செய்துவிட்டேன், அதைத் திருத்தாமல் உறக்கம் வரவில்லை. சக்கரத்தின் அளவு என்று டயர்க்காரர்கள் சொல்வது வெளி விளிம்பின் அளவு அன்று. டயரின் கம்பி உட்காரும் படுகையின் குறுக்களவுதான் அது. விளிம்பு அந்தப் படுகையைவிட உயர்ந்து நிற்பதால், ஓரத்திலிருந்து ஓரம் அளந்தால் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் கூடுதலாகவே வரும். ஆகவே இருபதரை என்பது 19 அங்குலச் சக்கரத்தின் விளிம்பளவு.

இது எனக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், புதுக்கோட்டையில் உள்ள என் நண்பர் ஒருவரின் 1931 மாடல் ஏ காரை நாங்கள் இருவரும் சேர்ந்து மீட்டுக்கொண்டிருந்தோம். டேப்பை விளிம்பில் வைத்து அளந்து, 21 என்று எண்ணி, வெளிநாட்டிலிருந்து நான்கு டயர்களை வரவழைத்தேன். கப்பலில் வந்த பெட்டியை ஆசையாகப் பிரித்து, முதல் டயரைச் சக்கரத்தின்மேல் வைத்தபோது, அது குழந்தையின் கையில் போட்ட பெரியவர் வளையலைப் போலச் சுற்றிலும் தொங்கியது. நண்பர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

தம்பி, ஒரு சணல் நூலை எடுத்து, டயர் உட்காரும் படுகையின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, நூலின் நீளத்தை அளந்து சொல்லுங்கள். 19 அங்குலச் சக்கரமானால் அறுபது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், 21 அங்குலமானால் அறுபத்தாறு வரும். இந்த வேறுபாட்டை நூல் தவறவிடாது.

ஜனவரி 7, மாலை

நூல் ஐம்பத்தொன்பதே முக்கால் அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். 19 அங்குலம்தான். இதில் இனி ஐயமில்லை.

அடுத்ததாக ஐந்து துளைகளும் அமைந்திருக்கும் வட்டத்தின் குறுக்களவு வேண்டும். நான்கு அல்லது ஆறு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் முடிந்தது. ஐந்தில் எந்தத் துளைக்கும் நேர் எதிரே துளை இராது என்பதால் பலர் அங்கேயே தடுமாறுகிறார்கள். ஒரு துளையை விட்டு அடுத்த துளையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் துளையின் இடது ஓரத்திலிருந்து மூன்றாம் துளையின் இடது ஓரம் வரை அளந்தால், மையத்தைத் தேட வேண்டிய வேலை இல்லாமலே மையத்துக்கு மையம் கிடைத்துவிடும். வந்த அளவை 0.951ஆல் வகுத்தால் வட்டத்தின் குறுக்களவு. சரிபார்க்க, பக்கத்துப் பக்கத்துத் துளைகளை அதேபோல அளந்து 0.588ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விடைகளும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும்.

ஜனவரி 9

தம்பியின் அளவுகள் வந்துவிட்டன. ஒன்று விட்டு ஒன்று 133 மில்லிமீட்டர், பக்கத்துத் துளைகள் 82 மில்லிமீட்டர். முதல் கணக்கில் 139.8, இரண்டாம் கணக்கில் 139.5. இரண்டுக்கும் நடுவில் நிற்பது 139.7, அதாவது சரியாக ஐந்தரை அங்குலம்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஐந்து துளை, ஐந்தரை அங்குலம் என்பது ஃபோர்டின் கம்பிச் சக்கரங்களுக்கு மட்டும் உரிய அளவு அன்று. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பும் இதே அளவு, மகிந்திரா இந்தியாவில் கட்டிய ஜீப்புகளும் இதே அளவு, மாருதி ஜிப்சியும் இதே அளவு. உங்கள் ஊர் மெக்கானிக் ஜீப் என்றது இதனால்தான். அவர் துளைகளைத் தம் ஜீப் டிரம்மில் மனத்தால் பொருத்திப் பார்த்திருக்கிறார், அவர் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் ஜீப்பின் சக்கரம் 16 அங்குலத் தகட்டுச் சக்கரம், உங்களுடையது 19 அங்குலக் கம்பிச் சக்கரம். துளை வட்டம் ஒத்துப்போனாலும் நடுத்துளையின் அளவும், துளைத் தகடு சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்பதும் ஒத்துப்போக வேண்டும். ஜிப்சியின் நடுத்துளை மட்டுமே 108 மில்லிமீட்டர். அவ்வளவு பருத்த குடம் பழைய கம்பிச் சக்கரத்தின் வாய்க்குள் நுழையாது.

"இந்தச் சக்கரம் எதன்மேல் ஏறும்" என்பதும் "இந்தச் சக்கரம் எதனுடன் பிறந்தது" என்பதும் இரண்டு கேள்விகள். ஒன்றின் விடையை மற்றதன் விடையாக எடுத்துக்கொள்வதால்தான் பழம்பொருள் கடைகளில் இத்தனை தவறான சீட்டுகள் தொங்குகின்றன.

ஜனவரி 10

கம்பிகளை எண்ணச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு கம்பியில் துணி கட்டி, அங்கிருந்து தொடங்கி எண்ணுங்கள். ஒவ்வொரு கம்பியும் விளிம்பைத் தொடும் இடத்தில் மிதிவண்டியில் இருப்பதைப் போன்ற சிறு திருகு முனை இருக்கிறதா, அல்லது கம்பி விளிம்போடு உருகி ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஜனவரி 11

முப்பது கம்பிகள், திருகு முனைகள் இல்லை, இரு முனைகளும் பற்றவைப்பு. மாடல் ஏ சக்கரம் இப்படித்தான் செய்யப்பட்டது. மிதிவண்டிச் சக்கரத்தைப் போலக் கம்பியை முறுக்கிக் கோணலை எடுக்க இதில் வழியே இல்லை. 1932ஆம் ஆண்டு ஃபோர்டில் சக்கரம் 18 அங்குலமாகவும், 1933, 1934இல் 17ஆகவும், 1935இல் 16ஆகவும் சிறுத்துக்கொண்டே வந்தது. 1936இல் கம்பியே போய்த் தகட்டுச் சக்கரம் வந்து, துளை வட்டமும் பத்தேகால் அங்குலமாக அகன்றுவிட்டது. ஆகவே ஐந்தரை அங்குல வட்டம், 19 அங்குலப் படுகை, பற்றவைத்த முப்பது கம்பிகள் ஆகிய மூன்றும் சேரும் இடம் 1930, 1931ஆம் ஆண்டுகளின் மாடல் ஏ. டயர் அளவு 4.75–19, அதாவது பருமன் 4.75 அங்குலம், படுகை 19 அங்குலம்.

வரலாறும் இதற்கு இடம் கொடுக்கிறது. கனடா ஃபோர்டின் கிளையாக இந்திய ஃபோர்டு நிறுவனம் 1926இல் தொடங்கியது; வலப்பக்க ஸ்டியரிங்குடன் மாடல் ஏ இந்தியச் சாலைகளுக்கு வந்த வழி அது. ரங்கூனிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற குடும்பங்கள் ஊரில் வீடு கட்டி முடித்துக் கார் கொட்டகையும் கட்டிய காலமும் அதுவே.

ஜனவரி 12

இந்தத் துளைகள் பிற்பாடு பட்டறையில் போட்டவையாக இருக்கலாமே என்று தேவகோட்டை வாசகர் ஒருவர் எழுப்பியிருக்கும் ஐயம் மிகவும் முக்கியமானது, இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். நம் பக்கத்தில் பழைய கார்ச் சக்கரங்கள் காரோடு சாகவில்லை. அவற்றை மாட்டு வண்டிக்கும் தண்ணீர் வண்டிக்கும் மாட்டி, இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் உருட்டினார்கள். வண்டி அச்சின் தகட்டுக்கு ஏற்றபடி லேத் பட்டறையில் புதுத்துளை போடுவது சாதாரண வழக்கம். அப்படிப் போட்ட துளையை அளந்துவிட்டு நாம் ஃபோர்டு என்றும் ஜீப் என்றும் பேசிக்கொண்டிருந்தால் அது வீண் வேலை.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. தொழிற்சாலைத் துளையின் வாய் புனல்போலச் சரிந்து, நட்டின் கூம்பு முகம் அதில் வந்து அமரும்படி அழுத்தி உருவாக்கப்பட்டிருக்கும். விரலை உள்ளே விட்டுச் சுற்றினால் சரிவு வழவழவென்று தெரியும். பட்டறைத் துளையின் ஓரம் நேராகவும் கூர்மையாகவும் இருக்கும், பின்பக்கத்தில் பிசிறும் நிற்கும். அடைத்துப் பற்றவைத்த பழைய துளைகளின் தழும்பும் அருகில் இருக்கக்கூடும்.

பொங்கல் முடிந்ததும் நானே கானாடுகாத்தானுக்கு வந்து பார்க்கிறேன்.

ஜனவரி 13

தேவகோட்டைக்காரர் தம் வீட்டுச் சக்கரத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அவர் ஐயா சைகோனில் லேவாதேவி நடத்தியவர். படுகையின் குறுக்களவு 400 மில்லிமீட்டர் வருகிறதாம், "16 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாமா" என்கிறார். வைத்துக்கொள்ளக் கூடாது. 16 அங்குலம் என்பது 406 மில்லிமீட்டருக்கும் சற்று மேல். 400 என்பது பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷெலினின் அளவு. 1934 முதல் 1957 வரை வந்த சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான் கார் 400 மில்லிமீட்டர் படுகையுள்ள சக்கரங்களில் ஓடியது. சைகோன் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் அங்கிருந்து தேடத் தொடங்குவது முறை. அந்த ஆறு மில்லிமீட்டரைப் புறக்கணித்து 16 அங்குல டயரை ஏற்றினால் அது படுகையில் பிடிப்பின்றி நிற்கும், வளைவில் கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

ஜனவரி 14

மற்றொரு வாசகர், பள்ளத்தூர்க்காரர், மரச் சக்கரத்தின் படத்தை அனுப்பியிருக்கிறார். குடம், பன்னிரண்டு ஆரக்கால்கள், வட்டை என்று நம் தச்சர் செய்த வண்டிச் சக்கரத்தைப் போலவே இருக்கிறது. ஆனால் குடத்தில் ஆறு போல்ட்டுகள் போட்டு இரும்புத் தகடு இறுக்கியிருப்பதால் இது ஃபோர்டு மாடல் டி என்பது என் கருத்து. முன் சக்கரமா, பின் சக்கரமா என்பதற்கு விளிம்பளவே விடை. பழைய டயர்களில் முதல் எண் டயரின் முழு உயரத்தையும் இரண்டாம் எண் அதன் பருமனையும் குறிக்கும். உயரத்திலிருந்து பருமனை இரு முறை கழித்தால் விளிம்பளவு கிடைக்கும். தொடக்ககால மாடல் டியில் முன்னே 30×3 டயர், ஆகவே 24 அங்குல விளிம்பு. பின்னே 30×3½ டயர், ஆகவே 23 அங்குல விளிம்பு. இரண்டும் முப்பது என்று எழுதியிருப்பதைக் கண்டு ஒன்றின் டயரை மற்றதற்கு வாங்கிவிடாதீர்கள்.

ஜனவரி 19, கானாடுகாத்தானிலிருந்து திரும்பிய இரவு

சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டேன். கொட்டகையிலிருந்து முகப்புத் திண்ணைக்கு இருவரும் தூக்கி வந்து, வெளிச்சத்தில் கோணியின்மேல் கிடத்தினோம். ஐந்து துளைகளிலும் விரலை விட்டுச் சுற்றினேன். நான்கில் சரிவு அப்படியே இருக்கிறது. ஐந்தாவதில் நட்டுத் தளர்ந்த நிலையில் நெடுநாள் ஓடியதால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது, ஆனாலும் சரிவின் ஒரு பிறை மிஞ்சியிருக்கிறது. பட்டறைத் துளை எதுவும் இல்லை. வண்டிக்கு மாட்டப்படாத சக்கரம்தான் இது.

பின்பக்கத்தைத் துணியால் துடைத்தபோது டிரம் அழுந்திய வட்டம் முழுதாகத் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் துரு குறைவு. கம்பிகள் விளிம்பில் நுழையும் மடிப்பில், மண்ணெண்ணெய் பட்டவுடன் ஒரு நகக்கண் அளவுக்குப் பழைய வைக்கோல் மஞ்சள் வண்ணம் வெளிவந்தது. அதைத் தேய்க்காமல் அப்படியே விட்டுவிடும்படி தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். வீட்டில் அப்பத்தாவுக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. அவரிடம் காரின் பெயரைக் கேட்டால் "கார்தான், வேறென்ன பெயர்" என்றார்.

கொட்டகையின் பரணில் இன்னொன்றும் கிடைத்தது. கம்பியும் இல்லாமல், நடுவும் இல்லாமல், வெறும் வட்ட விளிம்பு. அதன் ஓரத்தில் திருகிப் பிடிக்கும் கவ்விகள் இருந்தன. "815×105" என்று தட்டியிருந்தது. உடைந்த சக்கரம் என்று எண்ணிப் பழைய இரும்புக்குப் போட ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது, ஏனெனில் அது உண்மையான ஸ்டெப்னி. நாம் இன்று மாற்றுச் சக்கரத்தை எல்லாம் ஸ்டெப்னி என்கிறோமே, அந்தச் சொல் பிறந்த பொருள் அதுதான். சக்கரத்தைக் கழற்றி மாற்றும் வசதி இல்லாத காலத்தில், 1904இல், வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் இந்த வளையம் உருவானது. டயர் பழுதானால், காற்றடைத்த டயருடன் இருக்கும் இந்த வளையத்தைப் பழுதான சக்கரத்தின் பக்கவாட்டில் கவ்விகளால் இறுக்கிவிட்டு வீடு வந்து சேர்வார்கள்.

இதற்குத் துளை வட்டமும் நடுத்துளையும் பார்க்க வேண்டியதில்லை. சக்கரத்தின் விளிம்பளவு மட்டும் ஒத்துப்போனால் எந்தக் காரானாலும் பொருந்தும். 815இலிருந்து 105ஐ இரு முறை கழித்தால் 605 மில்லிமீட்டர். அந்த விளிம்புள்ள சக்கரம் மாடல் ஏயில் கிடையாது. ஆகவே மாடல் ஏக்கு முன்பே அந்த வீட்டில் வேறொரு கார் நின்றிருக்கிறது. பரணை இன்னும் முழுதாகப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 28, புதுக்கோட்டை

சக்கரத்தை நண்பரின் 1931 காரில் ஏற்றிப் பார்த்தோம். இடது முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதைத் தூக்கி வைத்தபோது, குடத்தின்மேல் சிறு உராய்வுடன் நழுவி உட்கார்ந்தது. சுத்தியல் தேவைப்படவில்லை. ஐந்து நட்டுகளும் விரலாலேயே முக்கால் பங்கு ஏறின. டிரம்மின் வட்டம் பின்பக்கத் தடத்தின்மேல் ஒரு மயிரிழை பிசகாமல் விழுந்தது. பிறகு அச்சைத் தூக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, ஒரு ஆணியை விளிம்பருகே நிறுத்திப் பார்த்ததில் ஆறு மில்லிமீட்டர் பக்க ஆட்டம் இருக்கிறது. விளிம்போடு சேரும் இடத்தில் இரண்டு கம்பிகளின் பற்றவைப்பில் மெல்லிய விரிசலும் உண்டு. ஆகவே தம்பி, இந்தச் சக்கரத்தைச் சாலையில் ஓடும் காரில் மாட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன். பொருந்துகிறது என்பதனாலேயே தாங்கும் என்று ஆகிவிடாது.

1930க்கும் 1931க்கும் உரிய சக்கரம் என்று எழுதிவந்தேன். இதே 19 அங்குலச் சக்கரம் 1928, 1929 கார்களின் குடத்திலும் ஏறும் என்பதால், சக்கரம் கிடைத்தது என்பதை மட்டும் வைத்து உங்கள் ஐயாவின் கார் இந்த ஆண்டினது என்று எழுதிவிட முடியாது. சக்கரத்தின் நடுத்துளையை மூடும் கிண்ணம் போன்ற நடுமூடி கிடைத்தால் சற்றுக் கூடுதலாகச் சொல்லலாம். முந்தைய இரண்டு ஆண்டுகளில் அது நிக்கல் பூச்சு, தேய்ந்தால் அடியிலுள்ள உலோகம் தெரியும். 1930 முதல் அது துருப்பிடிக்காத எஃகு.

பிப்ரவரி 2

தம்பி இன்று படம் அனுப்பியிருக்கிறார். சாமி அறையில் அப்பத்தா திருநீறு வைத்திருக்கும் கிண்ணத்தை வெள்ளிக்கிழமை கழுவக் கவிழ்த்தபோது, அதன் அடியில் நீள்வட்டத்துக்குள் ஃபோர்டு என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தனவாம். இத்தனை ஆண்டு புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் பூச்சு எங்கும் உரியவில்லை, ஒரே உலோகம், பளபளவென்று இருக்கிறது. சக்கரத்தின் வாயில் வைத்துப் பார்க்க அப்பத்தா ஒரு நாழிகைக்கு மட்டும் அனுமதி கொடுத்தார், பொருந்தியது. திருநீறு இப்போது மீண்டும் அதில்தான் இருக்கிறது.